முதல் நட்சத்திரத்துக்குள் ஊர் சேர வேண்டும்: கார்பாத்திய மலையில் ஒரு பஸ் பயணம்

உக்ரைனின் இவானோ-ஃபிரான்கிவ்ஸ்க் நகரில் நான் மருத்துவம் படித்தபோது, கூடப் படித்த தோழி ஒருத்தி கிறிஸ்துமஸுக்குத் தன் பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டாள். 2020 ஜனவரி 6. அப்போது அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7தான் கிறிஸ்துமஸ். முந்தின நாள் சாயங்காலம் வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து விரதச் சாப்பாடு சாப்பிட வேண்டும். அதற்குப் பிந்தி வந்தால் பாட்டி மனசு நோகும் என்று தோழி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம் அது.

ஊர், வெர்ஹோவினாவைத் தாண்டி கருப்பு செரெமோஷ் ஆற்றோரமாக ட்ஸெம்ப்ரோன்யா போகும் வழியில். ஹுட்சுல் மக்கள் வாழும் மலைப்பகுதி. நேராகப் போக ஒரே வண்டி கிடையாது. தோழி, அவள் அண்ணன், நான், மூன்று பேரும் விடியுமுன் கிளம்பி ராகிவ் பக்கம் போகும் டீசல் ரயிலைப் பிடித்தோம். மர பெஞ்சு, நல்ல ஹீட்டர், மலிவான டிக்கெட். யாரெம்சேயைத் தாண்டியதும் ப்ரூட் ஆறு ஜன்னலோரமாகவே வந்தது. வோரோக்டாவில் இறங்கினால் ஆற்றின் மேல் ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சிக்காலத்துக் கல் பாலம் நிற்கிறது. 1890களில் இந்த ரயில் பாதை போட்டபோது கட்டியது. நின்று பார்க்க ஆசையாக இருந்தது. அண்ணன் விடவில்லை: "பாலம் எங்கேயும் போகாது, மர்ஷ்ருத்கா போய்விடும்."

மர்ஷ்ருத்கா என்பது தடம் குறித்து ஓடும் மினி பஸ். உக்ரைனின் கிராமப்புறம் பெரும்பாலும் இதை நம்பித்தான் இருக்கிறது. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் கேட்கிறார்கள். தோழியும் அதைத்தான் செய்தாள். வெர்ஹோவினா வண்டி வந்தபோது பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற முடிந்தது. ஏறிய ஒரு பெரியவர் "இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை" என்றார், வண்டி முழுக்க "என்றென்றும் மகிமை" என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்து வணக்கம் அது.

டிரைவரிடம் போக வழியில்லை. அண்ணன் ஒரு நோட்டை முன்னால் நின்றவரிடம் கொடுத்து "மூன்று, வெர்ஹோவினா" என்றான். நோட்டு கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய், கொஞ்ச நேரத்தில் மீதிச் சில்லறை அதே கைகள் வழியாக, ஒரு கோப்பேக்கும் குறையாமல் திரும்பி வந்தது. என் பக்கத்தில் ஒருவர் டிடுக், அதாவது பண்டிகைக்கு வீட்டு மூலையில் நிறுத்தும் கதிர்க்கட்டு, வைத்திருந்தார். வளைவுகளில் அது நசுங்காமல் இருக்க, முன்பின் தெரியாத நாலு பேர் தோளைக் கொடுத்து இடம் பண்ணினார்கள். அந்த நெரிசலிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. கிரிவோபிள்யா கணவாய் முழுக்கப் பனி.

என்னைப் பார்த்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: யாருடைய விருந்தாளி? தோழி பாட்டியின் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்ற விசாரணையே இல்லை. அம்மா அப்பா நலமா, குளிருக்கு உள்ளே கம்பளி போட்டிருக்கிறேனா என்றுதான் கேட்டார்கள். தனியாகப் போயிருந்தால் அந்த மலையில் நான் வெறும் சுற்றுலாப் பயணியாகத்தான் இருந்திருப்பேன்.

வெர்ஹோவினா பஸ் நிலையத்தில்தான் சிக்கல். பண்டிகை என்பதால் மத்தியானத்துக்கு மேல் ஆற்றோர ஊர்களுக்கு வண்டி இல்லை. மணி இரண்டரை. அண்ணன் டீக்கடையில் நாலு பேரிடம் விசாரித்தான். சந்தையை முடித்துத் திரும்பும் ஒருவரின் வேன் அந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தது. மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். தோழி மாண்டரின் பழப் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏற்றம். ஹுட்சுல் வீடுகள் தெருவாக இல்லாமல் மலைச்சரிவில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். முழங்கால் பனியில் நடந்து, வெளிச்சம் மங்கும்போது கதவைத் தட்டினோம். மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல், இறந்தவர்களுக்கென ஒரு தட்டு, பன்னிரண்டு பதார்த்தங்கள். மாமிசம் கிடையாது, பால் கிடையாது. முதலில் குட்டியா: அவித்த கோதுமை, கசகசா, தேன். நம் கோதுமைப் பாயசத்தைக் கெட்டியாக இறக்கியதுபோல இருந்தது. பாட்டி எனக்கு மூன்றாவது தடவையும் வைத்தார்.

திரும்பும் நாள் பாட்டியே பஸ் டிரைவருக்குப் போன் போட்டு, கீழே பால் கேன் வைக்கும் இடத்தில் நின்று எங்களை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். நின்று ஏற்றினார்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் இல்லை, போலந்தின் ப்ஷெமிஷ்ல் வழியாக ரயிலில் வருகிறார்கள். 2023 செப்டம்பரில் அங்குள்ள பெரிய திருச்சபைகள் நாட்காட்டியை மாற்றியதால் விரதச் சாப்பாடு டிசம்பர் 24க்கு வந்துவிட்டது. தோழியிடம் போனவாரம் பேசினேன். "சண்டை ஓய்ந்ததும் வா. ஆனால் 23ஆம் தேதியே வந்து சேர், 24ஆம் தேதி பஸ்ஸை நம்பாதே" என்றாள்.