மாமாவின் ட்ரங்குப் பெட்டியும் தம்பியின் எட்டு லட்சமும்

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று சாயங்காலம்தான் கட்டிலுக்கு அடியில் கிடந்த இரண்டு ட்ரங்குப் பெட்டிகளையும் இழுத்தோம். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பி.எஃப். பணத்தை உயிரோடு இருக்கும்போதே அம்மாவுக்கும் சித்திக்கும் சரிபாதியாகக் கொடுத்துவிட்டார். வீடு வாடகை வீடு. சொத்து என்று மிஞ்சியது இந்தப் பெட்டிகள்தான்.

திறந்ததும் அந்துருண்டை நெடி. மேலே சருகாகிப்போன வேப்பிலை, அதற்கடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய கட்டுகள். எல்லாமே காமிக்ஸ். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பாதிச்சதுல பாதிய இதுலதான்டா கொட்டியிருக்கான்."

சித்தி மகனுக்கு மட்டும் கண் விரிந்தது. கோயம்புத்தூரில் இருப்பவன், எதற்கும் போனில் ஒரு வீடியோ வைத்திருப்பான். சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 1938ஆம் ஆண்டு இதழ் ஒன்று 2024இல் அமெரிக்காவில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தியைக் காட்டினான். வந்த காலத்தில் அதன் விலை 10 சென்ட். "அண்ணே, நம்ம கிட்ட நானூறு புக் இருக்கு. ஒண்ணுக்கு ரெண்டாயிரம்னு வச்சாக்கூட எட்டு லட்சம்." கணக்கு என்னவோ சரிதான். நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் விலை விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முழுசாக நாலு மாசம் ஆனது.

முதல் வேலை எண்ணிக்கை. மொத்தம் 412. காமிக்ஸ் வரிசைகளின் பெயர்வாரியாகப் பிரித்தால் ராணி காமிக்ஸ் 188, லயன் 84, முத்து 61, திகிலும் மினி லயனுமாக 23, தமிழ் இந்திரஜால் 19, அம்புலிமாமா 37. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. மாமா ஒவ்வொரு புத்தகத்தையும் என்று, எங்கே, எவ்வளவுக்கு வாங்கினார், யாருக்கு இரவல் கொடுத்தார், திரும்பி வந்ததா என்று மில் ரிஜிஸ்தர் மாதிரி எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லையென்றால் நான் பாதியிலேயே கைகழுவியிருப்பேன்.

அடுத்து, நெட்டில் விலை தேடினேன். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். நானும் ஒரு வாரம் விழுந்து கிடந்தேன். ஒரு பழைய முத்து இதழுக்கு 25,000 ரூபாய் என்று ஒருத்தர் போட்டிருந்தார். அதே இதழ் எங்கள் பெட்டியிலும் இருந்தது. தம்பிக்கு அனுப்பித் தொலைத்தேன். அன்று ராத்திரியே எட்டு லட்சம் பத்து லட்சமாகிவிட்டது. ஆனால் அந்த 25,000 அடுத்த வாரமும் அங்கேயே இருந்தது. அதற்கடுத்த மாசமும் அசையவில்லை. சொல்லும் விலைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கைமாறிய விலை என்னவென்றுதான் பார்க்கணும். வெளிநாட்டு இதழ்களுக்கு ஏலக் கம்பெனிகளே விற்ற விலையை வெளியிடுகின்றன. தமிழுக்கு அப்படி ஏதும் கிடையாது. விற்பனை பெரும்பாலும் போனிலும் வாட்ஸ்அப்பிலும் நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் ஒரு நோட்டு போட்டு, விற்பனைக்கு வருகிற இதழ்களை வாராவாரம் குறித்துக்கொண்டேன். எது இரண்டு நாளில் போகிறது, எது விலை குறைந்து குறைந்து கிடக்கிறது என்று. போனதை வாங்கியவரிடமே கேட்டேன், எவ்வளவுக்கு எடுத்தீர்கள் என்று. பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஏழெட்டு வாரத்தில் ஒரு குத்துமதிப்பு பிடிபட்டது. எழுதியிருந்த விலையில் பாதிக்குக் கைமாறியதே அதிகம்.

வயசானதெல்லாம் விலை போகும் என்ற நினைப்பும் இதில் உடைந்தது. ராணி காமிக்ஸ் 1984இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து வர ஆரம்பித்தது. மாதம் இருமுறை, குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் போனது. அதனாலேயே இன்றும் நிறையக் கிடைக்கிறது. நம்மிடம் அதிகம் இருந்ததும் அதுதான். முத்து காமிக்ஸ் கதை வேறு. 1972இல் சிவகாசியில், மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துபோகும் நாயகன் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. இங்கிலாந்தின் வேலியன்ட் வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. அந்த முதல் சில வருஷ இதழ்களில் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குத் தப்பியவை கொஞ்சம்தான். ஆனால் இங்கே இன்னொரு முடிச்சு இருக்கிறது. சிவகாசிக்காரர்களே மாயாவி கதைகளைப் பின்னாளில் மறுபதிப்பாக, நல்ல தாளில் கொண்டுவந்துவிட்டார்கள். சின்ன வயசில் படித்ததை இன்னொரு தடவை படிக்கணும் என்று அலைந்தவர்கள் அதோடு திருப்திப்பட்டுப் போய்விட்டார்கள். பழைய அசலைத் தேடுகிறவர்கள் என்று மிஞ்சியிருப்பது சேகரிப்பவர்கள் மட்டும். அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

பழைய புத்தகக் கடை அண்ணாச்சி ஒருத்தரைத்தான் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து, மேலாக நாலு கட்டைப் புரட்டி, "மொத்தமா எட்டாயிரம் தாரேன் தம்பி, ஆட்டோ கூலி நம்மளது" என்றார். கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. அவர் அதைக் கடையில் அடுக்கி, ரெண்டு மூணு வருஷம் வைத்து, ஒவ்வொன்றாக விற்கணும். இடத்துக்கு வாடகை, ராமபாணப் பூச்சிக்கு ஒரு பங்கு. கடைக்காரர் கொடுக்கிற விலையும் கடைசியில் வாசகர் கொடுக்கிற விலையும் ஒன்றாக இருக்க வழியில்லை. இருந்தாலும் நாங்கள் கொடுக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் திருநெல்வேலிக்காரர், ரிட்டயர்டு தமிழாசிரியர். முப்பது வருஷமாகச் சேர்க்கிறவர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காப்பியைத் தூரமாக வைக்கச் சொன்னார், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். படத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பக்கத்தை எண்ணினார். ஒவ்வொரு புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசிவரை, பணக்கட்டு எண்ணுகிற மாதிரி. பிறகு நடுவில் விரித்து ஸ்டேப்ளர் பின்னைப் பார்த்தார். "சார், நடுப்பக்கம்தான் மொதல்ல போகும். பின் துருப்பிடிச்சா பேப்பரையும் சேத்துத் தின்னுரும்." அப்புறம் முதுகு, அட்டை மடிப்பு, பேனாவில் எழுதிய பெயர், வாடகை நூலக முத்திரை, பையன்கள் நிரப்பி வைத்த குறுக்கெழுத்து. தாளின் ஓரத்தை லேசாக வளைப்பார். பழுப்பேறினால் பரவாயில்லையாம். பொரியரிசி மாதிரி நொறுங்கினால் ஓரமாக வைத்துவிடுவார். மட்டமான செய்தித்தாள் காகிதம். அதிலிருக்கிற அமிலமே அதை உள்ளிருந்து அரித்துவிடுகிறது, நாம் தொடாமலே இருந்தால்கூட.

முத்து கட்டுக்கு வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தம்பியின் பத்து லட்சம் பெரும்பாலும் அதில்தான் இருந்தது. 61இல் 44 புத்தகத்தை மாமா நாலு தொகுதியாக பைண்டிங் செய்து வைத்திருந்தார். காலிகோ துணி ஓட்டு, முதுகில் தங்க எழுத்து, பார்க்க கோயில் சுவடி மாதிரி அவ்வளவு லட்சணம். வாத்தியார் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அட்டையெல்லாம் எடுத்துட்டுத் தைச்சிருக்கான். மூணு பக்கமும் கத்தி போட்டு வெட்டியிருக்கான், மேல வசன பலூன்கூடப் போயிருச்சு பாருங்க." உண்மைதான். சில பக்கங்களில் பலூனின் தலை இல்லை. மாமா பாதுகாக்கணும் என்று நினைத்துத்தான் காசு செலவழித்தார். நோட்டில் பைண்டிங் கூலியைக்கூட எழுதியிருந்தார். அந்த 44க்கும் சேகரிப்பவர் விலை என்று ஒன்று இல்லாமல் போனது. "படிக்கிறதுக்கு வச்சுக்கோங்க" என்று நகர்த்தி வைத்தார்.

மிச்சம் 17. அதில் ஒன்று ஆரம்ப கால இதழ், அட்டை புதுசு போலப் பளபளத்தது. நான் அதைத்தான் பெரிசாக நம்பியிருந்தேன். வாத்தியார் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். அட்டையில் மை தாளுக்கு மேலே மெழுகு மாதிரி மினுங்கியது. உள்பக்கத்து பின் ஓட்டைகள் நாலு இருந்தன, அட்டையில் ரெண்டுதான். பின்னில் துருவே இல்லை. "கலர் ஜெராக்ஸ்" என்றார். எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது, விலையைக் குறைக்கப் பார்க்கிறாரோ என்று. மாமாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த இதழுக்கு நேரே: "அட்டை இல்லாமல் வாங்கியது. சிவகாசி நண்பரிடம் உள்ள பிரதியிலிருந்து ஜெராக்ஸ், 35 ரூ." மனுஷன் யாரையும் ஏமாற்றவில்லை, தனக்காக ஒரு சட்டை போட்டுவிட்டிருக்கிறார். ஆனால் இப்படித்தான் இந்த மாதிரிப் பிரதிகள் அசலாக ஊர் சுற்றத் தொடங்குகின்றன. நோட்டைக் காட்டிய பிறகுதான் வாத்தியார் எங்களை முழுசாக நம்பினார் என்று தோன்றுகிறது. பேரமே சுமுகமாகிவிட்டது.

இருட்டும் நேரம் அவர் ஒதுக்கி வைத்தது 26. முத்து 9, லயனின் முதல் வருஷங்களிலிருந்து 11, தமிழ் இந்திரஜால் 6. பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இலிருந்து போட்டுவந்த வரிசை அது. தமிழ்ப் பதிப்பு சுலபத்தில் கண்ணில் படாது என்று அதற்கு நல்ல விலையே சொன்னார். மொத்தம் 23,800. நான் ஏற்கெனவே என் நோட்டில் அந்த 26க்கும் கைமாறிய விலைகளை வைத்து 27,000 என்று போட்டிருந்தேன். ஒவ்வொன்றாக விற்றால் அது கிடைக்கலாம். பார்சல் கட்டணும், தினம் நாலு பேருக்கு பதில் சொல்லணும், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ அனுப்பணும். சரி என்றேன். கையிலேயே கொடுத்தார்.

மிச்சத்தை விற்றதில் சொல்ல அதிகமில்லை. அவருடைய சிநேகிதர் ஒருத்தர் லயன், மினி லயன் 40ஐ நூறு ரூபாய் வீதம் எடுத்தார். கூரியர் செலவு 480 எங்களுடையது. அதே பழைய புத்தகக் கடை அண்ணாச்சியிடம் திரும்பப் போய், கிழியாத ராணி காமிக்ஸ் 160ஐ இருபது ரூபாய்க்குப் பேசினேன். "அன்னைக்கே எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல" என்று சிரித்தபடி எண்ணிக் கொடுத்தார். அம்புலிமாமா 37க்கு ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா 2,220 கொடுத்தார். பேத்திக்குப் படித்துக் காட்டவாம், பேரமே பேசவில்லை. செலவு போக 32,740.

தம்பி போனில் கொஞ்ச நேரம் சத்தமே காட்டவில்லை. "அந்த வாத்தியார் நம்மள ஏமாத்திட்டார்ணே" என்றான். நான் என் விலை நோட்டை பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "வரி ஏதும் கட்டணுமா?" என்று மட்டும் கேட்டான். வாரிசுச் சொத்து வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, சித்தி பங்கு 16,370ஐ அன்றே அனுப்பிவைத்தேன்.

விற்காமல் 149 வீட்டில் இருக்கிறது. பைண்டிங் தொகுதிகளில் ஒன்று இப்போது அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். சம்பாதித்ததில் பாதியைக் கொட்டினான் என்று திட்டியவள்தான், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மாயாவி மறையும் இடத்தில் எல்லாம் "எங்கடா போனான் இவன்" என்கிறாள்.

போன வாரம் வாத்தியார் போன் செய்தார். மாமாவின் நோட்டில் ஒரு தீபாவளி மலர் பதிவாகியிருக்கிறதே, பெட்டியில் காணோமே, வேறெங்காவது இருக்கிறதா, இருந்தால் நல்ல விலை தருகிறேன் என்று. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வரிக்கு நேரே இரவல் கட்டத்தில் என் பெயர். பக்கத்தில் சிவப்பு மையில், "அட்டையைக் கணக்கு நோட்டுக்குப் போட்டுவிட்டான். அடிக்கவில்லை." அப்போது நான் அஞ்சாங்கிளாஸ். அந்த அட்டையைப் பார்த்துத்தான் வகுப்பே என் நோட்டைக் கேட்டு வாங்கியது. இல்லை சார், தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை என்று சொல்லி போனை வைத்தேன்.