லக்மனுக்கு அடுத்த ஆள்

நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில், மூத்தவர் விடுப்பில் போனால் மட்டுமே பொறுப்பேற்கும் துணை ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதாலோ என்னவோ, பழைய அணிப் பட்டியல்களில் என் கண் முதலில் மாற்று ஆட்டக்காரர்களையே தேடும். அப்படித் தட்டுப்பட்டவர் அமெரிக்கக் கால்பந்து வீரர் யங் பஸ்ஸி. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1941இல் சிகாகோ பேர்ஸ் அணியில், புகழ்பெற்ற சிட் லக்மனுக்கு அடுத்த குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்துபவர். என்.எஃப்.எல். எனும் தொழில்முறைப் போட்டிகளில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு பருவம்தான்.

எளிதான வேலையன்று அது. ஜார்ஜ் ஹாலஸ் பயிற்றுவித்த அந்த அணியின் 'டி' அமைப்பில், குவார்ட்டர்பேக், பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சென்டரின் முதுகையொட்டி நின்று பந்தைக் கையில் வாங்கி, அதை ஓடி வருபவரிடம் கொடுப்பதா, கொடுப்பதுபோல் ஏய்ப்பதா, தூர எறிவதா என்பதை நொடியில் செய்து முடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து பயிற்சியாளர் உத்தரவிட அன்றைய விதி இடம் தராததால், அடுத்து எந்த உத்தி என்று களத்தில் தீர்மானிப்பதும் அவரே. கல்லூரியில் வேறு முறையில் ஆடிப் பழகிய லக்மனே இதைக் கற்கத் திணறினார். மாற்று ஆட்டக்காரரும் இத்தனையையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். அதைப் பயன்படுத்தத்தான் வாய்ப்பு அரிது. (காத்திருப்பதும் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை என்பது எனக்கு வெகு தாமதமாகவே புரிந்தது.)

1941 டிசம்பர் 7 அன்று பேர்ஸ் அணி கார்டினல்ஸை 34-24 என வென்றுகொண்டிருந்தபோது பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. இரண்டு வாரம் கழித்து ரிக்லி ஃபீல்டில் நியூயார்க் ஜயன்ட்ஸை 37-9 என வீழ்த்திப் பட்டம் வென்றபோது, அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 13,341 பேர் மட்டுமே. அதன்பின் பஸ்ஸி கடற்படைக்குப் போனார். 1942இல் ஹாலஸும் போனார். லக்மனோ 1943 நவம்பரில், அதே ஜயன்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 டச்டவுன் பாஸ்களை (எதிரணியின் கோட்டைக் கடந்து புள்ளி பெற்றுத் தரும் எறிதல்களை) எறிந்தார்.

1945 ஜனவரி 7 அன்று, பிலிப்பைன்ஸின் லிங்காயென் வளைகுடாவில் பஸ்ஸி கொல்லப்பட்டார்; வயது 27. இரண்டு மாதம் கழித்து இவோ ஜிமாவில் இறந்த ஜாக் லம்மஸ், 1941இல் ஜயன்ட்ஸ் அணியில் இருந்தவர். லம்மஸுக்கு நாட்டின் உயரிய வீர விருது வழங்கப்பட்டதால் அவரைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பஸ்ஸிக்கு நான் திரட்டிய குறிப்புகள் ஒற்றைத் தாளில் அடங்கிவிட்டன. அதிலும் பாதி லக்மனைப் பற்றியது.