கொழுக்கட்டையும் இரண்டு நிமிட ஆட்டமும்

செப்டம்பர் 2, 2024, திங்கள்

விடுமுறை என்றால் பத்து மணிவரை எழும்பாத பிள்ளை, இன்று எட்டு மணிக்கே கைப்பேசியோடு வந்து நின்றாள். என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடி ஓய்வுபெற்றவர்கள் ஆறேழு பேர் வருகிறார்கள், சனிக்கிழமை மாலை காலாங் அரங்கில் நம் சிங்கப்பூர் ஆட்டக்காரர்களோடு ஒரு காட்சி ஆட்டம், கடைசிச் சில இடங்கள்தான் மிச்சம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

உயர்நிலை இரண்டு படிக்கிறாள். பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். உயரம் 152 சென்டிமீட்டர். இதை யாரும் கேட்பதற்கு முன் அவளே சொல்லிவிடுவாள். முந்திக்கொண்டால் வலிக்காது என்று நினைக்கிறாளோ என்னவோ.

மேல்வரிசை, ஓரத்து இடம். அதுவே இரண்டு பேருக்கும் சேர்த்து என்னுடைய இரண்டு வார மதியச் சாப்பாட்டுக் காசு. சரி என்று வாங்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் மனைவி நாட்காட்டியைக் காட்டினாள்.

"ஏங்க, சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி."

செப்டம்பர் 4, புதன்

வேலை முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தால் மூன்றாம் மாடி அங்கிள் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார். எண்பத்தொரு வயது, சர்க்கரை இருக்கிறது, அதனால் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கொசோங். டிக்கெட் வாங்கியதைச் சொன்னேன். என்பிஏ என்றதும் கையை அசைத்து ஒதுக்கிவிட்டார். "நான் ஹேப்பி வோர்ல்டுல பார்த்தவன்" என்றார்.

கேலாங்கில் இருந்த கேளிக்கைப் பூங்கா அது. பிறகு கே வோர்ல்டு என்று பெயர் மாறியது, இப்போது அடையாளமே இல்லை. அதற்குள் இருந்த அரங்கில் ஒரு நாள் குத்துச்சண்டை, ஒரு நாள் மல்யுத்தம், ஒரு நாள் கூடைப்பந்து. அங்கிளின் அண்ணன் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுவாராம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்குக்கு நம் கூடைப்பந்துக் குழு போனது. அப்போது நாம் இன்னும் பிரிட்டிஷ் காலனி. பதினைந்து நாடுகளில் பதின்மூன்றாவது இடம். ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் கூடைப்பந்து ஆடியது அந்த ஒரு தடவைதான். அங்கிள் பதின்மூன்றாவது இடத்தைச் சொல்லும்போது தங்கப் பதக்கத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். 2006இல் நம் ஊர்க் குழுவான ஸ்லிங்கர்ஸ் ஆஸ்திரேலிய லீக்கில் சேர்ந்தபோது நண்பர்களோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பெர்த்துக்கும் நியூசிலாந்துக்கும் பறந்து பறந்து ஆடி, செலவு கட்டாமல் இரண்டே சீசனில் விலகினார்கள். அப்புறம் ஆசியான் லீக்கில் 2016, 2019 என இரண்டு முறை இறுதிச் சுற்று, இரண்டு முறையும் ஐந்தாவது ஆட்டம்வரை போய்த் தோல்வி. நம் ஊரில் கூடைப்பந்தை விரும்புகிறவன் தோற்கப் பழகியிருக்க வேண்டும்.

"காட்சி ஆட்டத்துல யார் தடுப்பாங்க?" என்று கேட்டார் அங்கிள். அதுவும் நியாயம்தான். இந்தப் பிப்ரவரியில் அமெரிக்காவில் என்பிஏ நட்சத்திரங்களின் காட்சி ஆட்டம் 211-186 என்று முடிந்தது. அது கூடைப்பந்து மதிப்பெண்ணா, மின்கட்டணமா? காட்சி ஆட்டம் என்பது கல்யாண வீட்டு நாகஸ்வரம் மாதிரி. வாசிப்பவரும் பந்தியைப் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பார்.

செப்டம்பர் 6, வெள்ளி

இரவு லிஃப்ட் ஒன்று பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று அழைப்பு. முடித்து வீடு திரும்ப மணி இரண்டு. அடுக்களையில் தேங்காய் துருவி வைத்திருந்தது. தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 7, சனி

காலையில் சிலோன் ரோட்டு செண்பக விநாயகர் கோயில். மனைவியின் நிபந்தனை அது: முதலில் பிள்ளையார், பிறகு பந்து. கூட்டம் வாசல்வரை நின்றது. மகள் ஜெர்சிக்கு மேல் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையாருக்குத் தெரியாமலா இருக்கும்!

மாலை நாங்கள் இருவர் மட்டும். மனைவி ஒரு டப்பா நிறையக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டாள். வாசலில் பையைச் சோதித்த மலாய் அம்மா, வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எறிவதற்கு மனம் வருமா, அதுவும் சதுர்த்தியன்று? படிக்கட்டில் உட்கார்ந்து ஆளுக்கு நான்கு தின்றோம். மிச்சம் மூன்று. அந்த அம்மாவிடமே நீட்டினோம். ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்து, "உள்ளே குலா மெலாக்காவா?" என்று, தென்னஞ்சர்க்கரையைத்தான், கேட்டார். வெல்லம் என்றேன். மற்ற இரண்டையும் அவரே வாங்கிக்கொண்டார்.

உண்மையில் கொடுத்த காசுக்குப் பாதி, ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியிலேயே கிடைத்துவிட்டது. ஒலிபெருக்கி அப்போது அலறவில்லை. பந்து தரையில் படும் சத்தமும் காலணி கிறீச்சிடுவதும்தான். வந்தவர்களில் ஒருவர், ஐம்பதை நெருங்குகிறவர், நரைத்த தாடி, ஓரிடத்தில் நின்று வரிசையாக எறிந்துகொண்டிருந்தார். மகள் என் முழங்கையைத் தட்டினாள்.

"அப்பா, அவரோட காலைப் பாருங்க."

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இரண்டு அடிபோலத் தள்ளியே நின்றார். முன்னால் நகர்ந்து ஒரு பந்தை எடுப்பார், திரும்ப அதே இடத்துக்கு வருவார், குனிந்து பார்க்கவே மாட்டார். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இங்கே போட்டிருப்பது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனக் கோடு, வளையத்திலிருந்து 6.75 மீட்டர். என்பிஏவில் அது 7.24. அவர் ஓய்வுபெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது, கால் இன்னும் அந்த அரை மீட்டரை விடவில்லை. பதினொரு பந்து எண்ணினேன், ஒன்பது உள்ளே.

முதல் பாதியைப் பற்றி எழுத அதிகமில்லை. அறிவிப்பாளர் ஒவ்வொரு கூடைக்கும் கத்தினார். நடுவர் விசிலை மறந்துவிட்டு வந்தது போல இருந்தார். கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். ஒருவர் பந்தை விரலில் சுழற்றினார், ஒருவர் முன்வரிசைச் சிறுவன் ஒருவனைத் தூக்கி, பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிக்கும் டங்க் அடிக்க வைத்தார். வந்தவர்களில் வயதில் குறைந்தவர் இரண்டு நிஜ டங்க் அடித்தார். அந்த அடியில் வளையம் மடங்கி, ஸ்பிரிங் இழுத்துத் தன் இடத்துக்குத் திரும்பியது. பழைய இறுக்க வளையமாக இருந்திருந்தால் பலகையே நொறுங்கியிருந்தாலும் இருக்கும். லிஃப்ட் வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த ஸ்பிரிங்தான் தெரியும், என்ன செய்வது.

இடைவேளையில் அவர்கள் பெஞ்சுப் பக்கம் பார்த்தேன். நரைத்தாடிக்காரரின் இரண்டு முழங்காலிலும் பனிக்கட்டிப் பை. அதை ஒரு பெண், மிச்சச் சோற்றை மூடுவோமே அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளால், சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். என் அத்தை மூட்டுவலிக்குக் கட்டும் கட்டைவிடப் பெரிது.

நான்காவது கால்பகுதி, ஏறக்குறைய ஐந்து நிமிடம் மிச்சம். நரைத்தாடிக்காரர் நடுக்கோட்டில் நின்று பந்தைக் காலுக்கிடையில் விட்டு எடுத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். எதிரில் நம் ஊர்ப் பையன், ஆட்டத்திலேயே குள்ளம். அதுவரை சிரித்துக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனவன், திடீரென்று கையை நீட்டினான். பந்து அவன் கையில். தனியாக ஓடிப்போய் வளையத்தருகே எம்பி லே-அப் போட்டான். அரங்கமே சிரித்தது.

நரைத்தாடிக்காரர் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை பந்து கேட்டு வாங்கினார். திரும்பி நின்று முதுகை அந்தப் பையன் நெஞ்சில் வைத்தார். இடுப்பு தாழ்ந்தது. அதுவரை பந்து தரையில் 'டப் டப்' என்று துள்ளிக்கொண்டிருந்தது, இப்போது 'தொம்' என்றது. ஒரு தொம், பையன் அரை அடி பின்னால். இன்னொரு தொம், இன்னும் அரை அடி. இடது தோளைக் காட்டினார், பையன் அந்தப் பக்கம் சாய்ந்தான், அவர் வலப்பக்கம் திரும்பிப் பலகையில் ஒரு மூலையில் மெல்லத் தொட்டார். பந்து வலையில் விழுந்தது. குதிக்கவே இல்லை. பாதம் தரையைவிட்டு எழும்பியதா என்றே சந்தேகம்.

உடனே தடுக்க ஓடிவந்தார். அவர் ஓடுவதை அன்று முழுக்க அப்போதுதான் பார்த்தோம். ஒரு கை பையன் இடுப்பில், இன்னொரு கை பந்து வரும் பாதையில். பையனுக்கு வழியே கிடைக்கவில்லை, எறிவதற்கு உள்ள இருபத்துநான்கு வினாடியும் தீர்ந்தது. மறுபடி அதே தொம், அதே முதுகு. மறுபடி கூடை.

மூன்றாவது தடவை பையன் ஒரு காரியம் செய்தான். அவர் முதுகைச் சாய்த்துத் தள்ளும் அந்த நொடியில் சட்டென்று பின்வாங்கிவிட்டான். நாற்காலியை இழுத்துவிட்டது போல. பெரியவர் தடுமாறி ஒரு கையைத் தரையில் ஊன்றினார், பந்து உருண்டு வெளியே போனது. அரங்கில் சத்தமே இல்லை. பிறகு அவர் எழுந்து, பையன் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துச் சிரித்தார். அதற்கப்புறம் விரலில் பந்து சுழற்றுவது திரும்ப ஆரம்பித்தது. மொத்தம் இரண்டு நிமிடம் இருக்குமா?

மகளின் ஐந்து நகமும் என் கையில் பதிந்திருந்தன. "முதல்லேருந்தே ஏன் இப்படி ஆடலை?" என்றாள், கோபமாக. அவர் முழங்காலில் பனிக்கட்டி கட்டியிருந்ததை அவள் பார்க்கவில்லை. சொன்னேன். பதில் பேசவில்லை.

மணி பன்னிரண்டு. மீதி நாளை.

செப்டம்பர் 8, ஞாயிறு

கையெழுத்து வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருக்கும்போது கயிற்றைக் கட்டி முடித்துவிட்டார்கள். முன்வரிசை டிக்கெட்காரர்களுக்குத் தனி வரிசை இருந்ததாம், அது கடைசிவரை நடந்தது. நடத்தியவர்களின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் தட்டி வைத்திருக்கிறேன், அனுப்புவேனா தெரியாது.

ஸ்டேடியம் எம்ஆர்டி நிலையத்தில் நகரும் படியில் இறங்கும்போது, எங்களுக்கு நான்கு படி கீழே ஒரு பையன், தோளில் பை, காலில் ஜப்பான் சிலிப்பர், கையில் நெகிழிப் பையில் பொட்டலச் சாப்பாடு. மகள்தான் முதலில் கண்டுகொண்டாள். கண்டுகொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்! நான்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நன்றாக ஆடினாய் தம்பி என்றேன், ஆங்கிலத்தில்தான். "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். கிட்டத்தில் பார்த்தால் அத்தனை குள்ளம் இல்லை, என் உயரம்தான்.

ரயிலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. அதற்குள் மகளுக்கு வாய் திறந்துவிட்டது. எப்படிப் பந்தைப் பறித்தீர்கள் என்று கேட்டாள். அவன் வெட்கப்பட்டான். பிறகு சொன்னான்: அவர் வலது கையில் மூன்று தடவை தட்டுகிறார், நான்காவதில்தான் கை மாற்றுகிறார். முதல் பாதி முழுக்க வேறு வேலை இல்லை, எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலு வருகிற இடத்தில் கையை வைத்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் வேடிக்கை பார்த்த அந்த முதல் பாதியில்தான் இவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். நாகஸ்வரக் கச்சேரியில் தாளம் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகவேண்டும் என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. ரயில் வந்துவிட்டது, அவன் எதிர்த்திசை. மகள் டிக்கெட்டை நீட்டக் கை தூக்கியபோது கதவு மூடிவிட்டது. பேனாவும் எங்களிடம் இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாலை புளோக்குக்குக் கீழே உள்ள திடலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வளையத்தில் வலை இல்லை, இன்னொன்றில் பாதி. அங்கிள் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக் கதையை நான் விவரமாகச் சொல்ல, அந்த முதுகுத் தள்ளல் வந்ததும் அவர் எழுந்து நின்று தானே செய்து காட்டினார், விசிறியைப் பந்தாக வைத்துக்கொண்டு. பின்வாங்குகிற வித்தை ஹேப்பி வோர்ல்டிலேயே உண்டு, புதிது ஒன்றுமில்லை என்றார். இருக்கலாம்.

மகள் என்னைப் பந்து தட்டச் சொன்னாள். எனக்குப் பந்து விளையாடி இருபது வருடம். இரண்டு தட்டு தட்டியதும் பந்து அவள் கையில். திரும்பக் கொடுத்தாள், திரும்ப அதேதான். "அப்பா, நீங்க எப்பவும் ரெண்டு" என்றாள். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவளிடம் இதில் வாதாட முடியாது.

சரி, இந்தத் தடவை மூன்று என்று மனத்துக்குள் முடிவு செய்தேன். ஒன்று. இரண்டு. பந்து அவளிடம் போய்விட்டது. அங்கிள் விசிறியால் தொடையில் தட்டிச் சிரிக்கிறார்.

"மூணுன்னு நினைச்சீங்கதானே?" என்கிறாள். "உதடு அசையுது."