நாக்கு ஆபரேஷனும் கருப்பனும்: பட்டுத் தெரிந்துகொண்டவை

கருப்பனை அனுப்பியிருக்கவே கூடாது. ஏழு மாதம் ஆகியும் அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. நாக்கில் பாதி போனதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். யாரோ போகிற போக்கில் சொன்னதை நம்பி, ஆறு வருசமாகக் காலடியில் கிடந்த நாயை ஒரு மாதம் பிரித்துவைத்ததை இன்னும் ஏற்க முடியவில்லை. வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள், வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. கருப்பன் கன்னி நாய்க் கலப்பு. எங்கள் பக்கத்து இனம். கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு. வேற்றாள் கையில் ஒன்றும் வாங்கித் தின்ன மாட்டான். கடையில் மெஷின் மேசைக்கு அடியில் சூடு தட்டும் இடம்தான் அவன் படுக்கை.

எனக்கு இருபது வருசம் வெற்றிலையோடு புகையிலைப் பழக்கம். நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தபோது பல் குத்துகிறது என்று நினைத்து இரண்டு மாதத்துக்கு மேல் கடத்திவிட்டேன். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சதைச் சோதனை, எம்.ஆர்.ஐ., முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட ஒப்புதல் எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தன. மதுரையில் ஆபரேஷன். பாதி நாக்கை எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலும் ரத்தக்குழாயும் எடுத்து வைத்துத் தைத்தார்கள். தோல் எடுத்த கையின் புண்ணை மூடத் தொடைத் தோல். கழுத்தில் நெறிக்கட்டிகளை அகற்றினார்கள். மூச்சுக்குத் தொண்டையில் துளை, சாப்பாட்டுக்கு மூக்கில் குழாய்.

அட்மிஷன் அன்று படிவம் நிரப்பிய ஊழியர் ஒருவர், கருப்பனைப் பற்றிப் பேச்சு வந்ததும், "நாயா? தையல் சீழ் பிடிச்சிரும். முதல்ல அப்புறப்படுத்துங்க" என்றார். அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குள் வைத்துச் சொன்ன வார்த்தையாச்சே, வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே மச்சான் கருப்பனைக் கயத்தாறுப் பக்கம் இருக்கும் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் பழைய குரல் எனக்கு இருந்த கடைசி இரண்டு நாள் அது. அந்தக் குரலில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட அதற்குப் பிறகு வாய்ப்பே கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மூக்குக் குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200 மில்லி. ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், முட்டை அடித்த பால். எல்லாவற்றையும் வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஊற்றி முடித்ததும் வெறும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் என் மனைவி மூன்றே நாளில் படித்துக்கொண்டாள். வந்து போனவர்களைத்தான் தாங்க முடியவில்லை. வீங்கிய முகத்தைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசுவார்கள். வந்தவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். கை தன்னால் கட்டிலுக்குக் கீழே போகும். அங்கே அவன் தலை இருக்காது.

தோட்டத்தில் அவன் முதல் நான்கு நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நோயாளிக்கு மனக்கஷ்டம் வேண்டாம் என்று மச்சான் மறைத்திருக்கிறார்.

இருபத்தோராம் நாள் செக்கப். பேடில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டுபோய் சர்ஜன் முன்னால் வைத்தேன்: "வீட்டில் நாய் இருக்கலாமா?" அவர் படித்துவிட்டு, "தாராளமா இருக்கலாமே, யார் வேண்டாம்னு சொன்னா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: தொண்டைத் துளை, கழுத்துத் தையல், தொடைப் புண், வாய் என எங்கேயும் நக்க விடக் கூடாது, நாயின் எச்சிலில் உள்ள கிருமி ஆறாத புண்ணில் இறங்கினால் ஆபத்து. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கட்டிலில் ஏற்றக் கூடாது. வெறிநாய்த் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தேதி தவறாமல் போட்டிருக்க வேண்டும். உண்ணி இருக்கக் கூடாது. அட்மிஷன் அன்றே சர்ஜனிடம் இதைக் கேட்டிருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது. உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். இந்தக் கேள்வியை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடமே கேளுங்கள். வரவேற்பில் இருப்பவரிடமும் பக்கத்துக் கட்டில்காரரிடமும் கேட்காதீர்கள்.

மச்சான் அவனை அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி ஊசி போட்டு, குளிப்பாட்டிக் கூட்டிவந்தார். அவன் ஓடிவந்து மேலே விழுவான் என்று எதிர்பார்த்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தான். வேற்றாளைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு. என் மேல் ஸ்பிரிட் வாசனை, மருந்து வாசனை; முகம் பாதி வீங்கியிருக்கிறது; கழுத்தில் கட்டு. கூப்பிடவும் வாய் வரவில்லை. முன்பெல்லாம் "ச்சு ச்சு" என்று நாக்கைத் தட்டிக் கூப்பிடுவேன். அதற்கும் நாக்கு இல்லை.

என் மனைவி உள்ளே போய்க் கடைச் சாவிக்கொத்தை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். ஆறு வருசமாக, தினம் காலை எட்டரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டதும்தான் அவன் எழுந்து என் பின்னால் வருவான். ஒரு தடவை ஆட்டினேன். குரைப்பு நின்றது. காது இரண்டும் தூக்கிக்கொண்டன. வயிறு தரையில் படப் படப் பக்கத்தில் வந்து பாதத்தை மோந்தான். பிறகு முழங்கால். பிறகு தலையை மடியில் வைத்துக்கொண்டு முனகினான். முகத்தை நேராகப் பார்த்தான், கண்ணைத் திருப்பவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிப் பார்த்தவர்கள் அதுவரை என் மனைவியும் டாக்டரும் மட்டும்தான்.

அன்று இரவிலிருந்து கட்டிலுக்குக் கீழேதான் படுத்தான். கஞ்சிக்கு வைத்த போன் அலாரம் அடித்தால் எனக்கு முன்னால் அவன் எழுந்து நிற்பான்.

ஐந்தாம் நாள் ஒரு தப்பு நடந்தது. அவன் பேரில் குற்றமில்லை, நான்தான் கவனிக்கவில்லை. சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்திருந்தேன். மூக்குக் குழாயின் வால் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பாசத்தில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி என் மேல் வைத்தான். நகம் மாட்டிக் குழாய் நான்கு விரல் அளவு வெளியே வந்துவிட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஓடினோம். "ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே போங்க, நாங்க கை வைக்க மாட்டோம்" என்று டூட்டி டாக்டர் சொல்லிவிட்டார். புதுத் தையல் போட்ட வாயில் அவர் துணியாததை நான் தப்புச் சொல்லவில்லை. உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பியதுதான் உறுத்துகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கார் பிடித்து நூறு கிலோமீட்டர் மதுரைக்குப் போய், குழாயை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் திரும்பினோம்.

அதனால் சொல்கிறேன்: மூக்கு நுனியில் குழாய் தொடும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், கொஞ்சம் நகர்ந்தாலும் தெரிந்துவிடும். வாலைச் சட்டைக்குள் விட்டுப் பட்டனைப் போட்டுவிடுங்கள். வெளியே வந்த குழாயை நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள், நுரையீரல் பக்கம் போய்விடலாம். குழாய் பிடுங்கிக்கொண்டால் ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றே நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். நாய் மேலே ஏறாமல் இருக்க நான் கையை மறித்துக் காட்டிப் பழக்கினேன். மூன்று நாளில் கற்றுக்கொண்டான். சத்தம் போட்டு அதட்டாமலே ஒரு நாயைப் பழக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து ரேடியேஷன். 30 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம். தினமும் மதுரைக்குப் போய்வர முடியாது என்று திருநெல்வேலியில் போட்டுக்கொள்ள ஏற்பாடு. இங்கேதான் பேப்பர் காலை வாரியது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஆதார், காப்பீட்டு அட்டை என்று எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொண்டு போனேன். எடுத்த சதையின் கடைசிப் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். அது டிஸ்சார்ஜுக்குப் பிறகு வருவது. யாரும் வந்து வாங்கச் சொல்லவில்லை. அது இல்லாமல் எத்தனை நாள் ரேடியேஷன் என்றே முடிவுசெய்ய முடியாதாம். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்குவது நல்லது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஐந்தாவது வாரம்.

மறுநாள் மதுரை. ரெக்கார்டு கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் வாயைக் காட்டி, சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "என்ன வேணும்? சத்தமாச் சொல்லுங்க" என்றார். திரும்பவும் நீட்டினேன். "வாயைத் திறந்து சொல்லுங்கய்யா, பின்னாடி ஆள் நிக்குது!" புற்றுநோய் ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரி அது. வரிசையில் நின்ற ஒரு அம்மா என் சீட்டை வாங்கி உரக்கப் படித்துக் காட்டினார். அதற்குள் சாப்பாட்டு நேரம் என்று கவுன்டரை அடைத்துவிட்டார்கள். அறிக்கை கையில் வந்தபோது மணி நாலரை.

வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் எழுதிக் காட்டவில்லை. முற்றத்தில் உட்கார்ந்தேன். கருப்பன் தோளில் தலை சாய்க்கப் பார்த்தான், கையை மறித்ததும் மடிக்கு இறங்கிக்கொண்டான். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். மறுநாள் ஒரு அட்டையில் இதை டைப் செய்து லேமினேட் பண்ணிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்: "நாக்கில் ஆபரேஷன் ஆகியுள்ளது. பேச வராது. காது நன்றாகக் கேட்கும். தயவுசெய்து என் சீட்டைப் படிக்கவும்." அதற்குப் பிறகு எந்தக் கவுன்டரிலும் என்னைக் கத்தவில்லை. இதுபோல் அட்டை வேண்டும் என்று யார் கடைக்கு வந்தாலும் காசு வாங்காமல் போட்டுக்கொடுக்கிறேன்.

ரேடியேஷனுக்கு முன் பல் டாக்டர் இரண்டு சொத்தைப் பல்லை எடுத்தார். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேடியேஷன் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

எங்கள் பக்கம் ரேடியேஷனைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். கரண்ட் வைத்த உடம்போடு நாயைத் தொட்டால் அதற்கு ஆகாது, குழந்தையைத் தூக்கினால் அதற்கும் ஆகாது என்று தெருவில் ஒரு பேச்சு. வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கதிர் மெஷினை நிறுத்தினால் அதோடு சரி, உடம்பில் தங்காது என்று ரேடியேஷன் டெக்னீஷியன் பொறுமையாக விளக்கினார். அதையும் எழுதி வாங்கி என் மாமியாரிடம் காட்டினேன். நான்காவது வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, வாயெல்லாம் புண், எச்சில் கோந்து மாதிரி. அந்த நாட்களில் அவன் முடி ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பருத்தித் துண்டைக் கழுத்தில் தளர்வாகப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பினால் அவன் நின்றுகொண்டிருப்பான். முப்பது நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பதினெட்டாம் நாள் இனிப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை அவன் சாவிச் சத்தத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்துத்தான் சட்டையை மாட்டினேன்.

கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு தோள் இறங்கிவிடலாம், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகலாம். ஆபரேஷன் ஆன பக்கம் நாய்ச் சங்கிலியைப் பிடிக்காதீர்கள், ஒரே இழுப்பில் வலி பின்னி எடுக்கும். வாய் திறக்கிற பயிற்சிக்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைக்க வேண்டும். பதினொன்றில் ஆரம்பித்து இப்போது பத்தொன்பது. குச்சி ஒவ்வொன்றாக ஏறும்போது கருப்பன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

பேச்சுப் பயிற்சியில் எனக்கு வராதது க, ட, ண, ர, ல, ழ. வருவது ப, ம. "கருப்பா" என்று கூப்பிட்டால் "அஉப்பா" என்று வெளிவரும். பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார். மனிதர்கள் முன்னால் சொல்லக் கூச்சம். அதனால் மொட்டைமாடியில் அவனிடமே சொன்னேன். நூறு தடவை கூப்பிட்டேன். நூறு தடவையும் வாலை ஆட்டினான்.

போன வாரம் பூச்சி மருந்துக்காகக் கால்நடை மருத்துவமனைக்கு அவனை நானே கூட்டிப்போனேன். கழுத்து அட்டையை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்திருந்த தம்பி நிமிர்ந்து பார்க்காமல், "நாய் பேரு என்னண்ணாச்சி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை. "கருப்பன்" என்று எழுதிக்கொண்டு, அடுத்து எடையைக் கேட்டார்.