தாமிரபரணியில் ஃப்ளை தூண்டில்: தை முதல் ஆடி வரை செய்து பார்த்தது

முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய போலி இரைதான் ஃப்ளை; அதை வீசி மீன் பிடிப்பது ஃப்ளை தூண்டில். அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ட்ரவுட் மீனைத்தான். அது நம் பக்கம் கிடையாது. நீலகிரியில் அவலாஞ்சி, மூணாறு மலை என்று உயரத்துக் குளிர் ஓடைகளில் வாழ்வது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணி அவ்வளவு குளிராது. ஆனால் கல்லில் மோதி ஓடும் தெளிந்த தண்ணீரும், அதில் பூச்சி தின்னும் கெண்டையும் நம்மிடம் உண்டு. ட்ரவுட்டுக்காக உருவான முறை இங்கே எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் இடம். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே தூண்டில் போடக் கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் பக்தர்கள் போடும் பொரியில் வளர்பவை. அந்தப் பக்கம் கம்பை நீட்டவே வேண்டாம். திருப்புடைமருதூரும் பறவைகளுக்கு விட்ட இடம். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், தடுப்பணைகளிலிருந்து தள்ளி, முழங்கால் ஆழத்தில் கல் பரவிய ஓட்டங்களே போதும். குத்தகைக்கு விட்ட பகுதியானால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தை, மாசி: தண்ணீருக்குப் போகாமல் வீச்சு மட்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஃப்ளைக்கு எடையே இல்லை. வீசுவது லைனின், அதாவது மேல்பூச்சு போட்ட தடித்த கயிற்றின், எடையை. 5-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெயின், ஏறத்தாழ 9 கிராம். அந்த எடை பின்னால் முழுதாக விரிந்த பிறகுதான் கம்பை முன்னே கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி ‘படீர்’ என்று கேட்கும். ஃப்ளை அறுந்து போயிருக்கும். முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழு பலத்தையும் கொடுத்தால் லைன் தன்மேலேயே குறுக்கே விழுந்து லீடரில், அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பில், முடிச்சு போடும். இதைக் காற்று போட்ட முடிச்சு என்பார்கள். காற்றின்மேல் பழி போடுவதில் பயனில்லை, கைதான் காரணம். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் லைன் பாயும்.

பழக நல்ல இடம் புல்தரை. முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளலாம். அறுத்த வயலில் தாள்கட்டை லைனைப் பிடித்துக்கொள்கிறது. ஆற்று மணலோ மேல்பூச்சைத் தேய்த்துவிடுகிறது. இன்னொரு சங்கதி: குளிர்நாட்டு ட்ரவுட் லைன் நம் வெயிலில் இளகிக் கம்பின் வளையங்களில் ஒட்டும். வெப்பநாட்டுக்கென்று விற்கும் லைனையே வாங்குங்கள். கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையால் லைனைத் தொடாதீர்கள்; அதிலுள்ள டீட் பூச்சைக் கரைத்துவிடும்.

பங்குனி: ஃப்ளை கட்டுதல். இந்த வேலைக்கு நம் ஊரில் சாமான் கொட்டிக் கிடக்கிறது. 14-ஆம் எண் முள். காட்டிலும் தோப்பிலும் தானாக உதிர்ந்து கிடக்கும் மயில் தோகையிலிருந்து மூன்று நான்கு இழை. மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போடும் 36 கேஜ் செப்புக் கம்பி அரை முழம். நாட்டுக்கோழி இறகு. இதில் சேவலின் கழுத்து இறகு விறைப்பானது, மிதக்கும் ஃப்ளைக்கு. பெட்டையின் இறகு மெத்தென்று நீரில் அசையும், மூழ்கும் ஃப்ளைக்கு. கறிக்கடையில் வெந்நீரில் முக்குவதற்கு முன்னால் பறித்த இறகாகக் கேளுங்கள். வெந்த இறகின் தண்டு சுற்றும்போது ஒடிகிறது. சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, பூச்சி உருண்டையோடு டப்பாவில் வைத்தால் கெடாது.

கட்டும் முறை: முள்ளின் தண்டில் நூலை நெருக்கிச் சுற்றிக்கொண்டு போய், வளைவு தொடங்கும் இடத்தில் வாலுக்கு ஐந்தாறு இறகு இழை, செப்புக் கம்பி, தோகை இழை, இந்த வரிசையில் கட்டவும். தோகையைக் கண் பக்கமாகச் சுற்றி வந்து, கம்பியை அதற்கு எதிர்த்திசையில் ஐந்து சுற்று. ஒரே திசையில் சுற்றினால் கம்பி தோகைக்குள் புதைந்து காப்பாற்றாது. கெண்டைக்கு வாயில் பல் இல்லை, தொண்டையில்தான். தோகை அறுவது நாம் குறடால் முள்ளை எடுக்கும்போது. முன்னால் பெட்டை இறகு ஒன்றரைச் சுற்று, முடிச்சு, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு. சாதாரணத் தையல் நூல் வேண்டாம். தலை பெருத்து முள்ளின் கண் அடைபடும். பட்டு நூலில் ஒற்றை இழை பிரித்துக் கட்டினால் தலை சிறுத்து நிற்கிறது. கடைசியாக, முனைக்குக் கீழே எதிர்ப்பக்கம் நிற்கும் செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

சித்திரை, வைகாசி: தண்ணீர் வடிந்து தெளிந்திருக்கும்போது இறங்கியாயிற்று. 9 அடி லீடர், அதன் முனையில், ஃப்ளையைக் கட்ட, 0.15 மில்லிமீட்டர் டிப்பெட் என்னும் இன்னும் மெல்லிய நரம்பு. முதல் நாட்களில் மீன் தொடவே இல்லை. ஃப்ளைமேல் சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிப் போட்டதெல்லாம் வீண். கோளாறு லைனில் இருந்தது. நடு ஓட்டம் வேகம், அதற்கப்பால் கல்லுக்குப் பின்னால் மந்தம். லைன் வேகத்தில் கிடந்து வில்லாக வளைந்து, மந்தத்தில் கிடக்கும் ஃப்ளையை இழுக்கிறது. ஓட்டத்தோடு வரும் பூச்சி அப்படிக் குறுக்கே ஓடாது. கெண்டைக்கு அது தெரியும். லைன் விழுந்த உடனே கம்பு நுனியால் வளைவைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் புரட்டிப் போட வேண்டும். தாமதித்தால் புரட்டலே ஃப்ளையை இழுத்துவிடும். சரியாகப் புரட்டினால் நாலைந்து விநாடி ஃப்ளை தன்பாட்டில் மிதந்து வரும். அந்த விநாடிகளுக்குத்தான் இவ்வளவு பாடும்.

கடிப்பது கையில் தெரியாது. லைன் முனையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீரோடு வந்துகொண்டிருந்த முனை ஒரு கணம் நிற்கும். பக்கத்தில் மிதக்கும் சருகு அதைத் தாண்டிப் போகும். அப்போது கம்பை ஒரு சாண் தூக்கினால் போதும்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீண்ட கதிர்களும் உடம்பில் கறுப்புத் திட்டுகளும் இருந்தால், அது 1954-இல் மீனியல் அறிஞர் சைலஸ் விவரித்த டாகின்சியா தாமிரபரணியெய் ஆண் மீனாக இருக்கலாம். இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய, அருகிவரும் மீன். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். படம் எடுக்கக்கூட வெளியே தூக்க வேண்டாம்.

ஆனி, ஆடி: மேல்காற்று. ட்ரவுட் முறையில் மீனுக்குப் பின்னால் நின்று மேல்நீர் பார்த்து வீசுவார்கள். நம் ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, காற்றும் மேற்கிலிருந்து. மேல்நீர் பார்த்தால் காற்று முகத்தில். அதனால் விடிந்ததும், காற்று எழுவதற்குள் முடித்துக்கொள்வதே மேல். அதற்குப் பிறகென்றால் லீடரை 7 அடியாகக் குறைத்து, கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, லைன் தண்ணீரை ஒட்டிப் போகும்படி வீசலாம். முதுகுக்குப் பின்னால் மருத மரம் நிற்கும் கரையில் பின்வீச்சே இல்லாத ரோல் வீச்சுதான் வழி. இதைப் புல்லில் பழக முடியாது, லைனைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றால் ஒரு நன்மையும் உண்டு: மரத்து எறும்பும் வண்டும் ஆற்றில் விழுகின்றன. கறுப்பு ஃபோம் தாளில் வெட்டிக் கட்டிய எறும்பு ஃப்ளை இந்த மாதங்களில் தோகை ஃப்ளையைவிட நன்றாக வேலை செய்கிறது.

கார் பருவத்துக்கு அணையில் தண்ணீர் திறக்கும் காலமும் இதுதான். இறங்கும்போதே ஒரு கல்லில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் ஏறினாலோ, சருகும் குச்சியும் திரளாக வந்தாலோ, மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரையேறிவிட வேண்டும்.

இதுவரை கைவராதது எதிர்காற்றில் 30 அடிக்கு மேல் வீசுவது. அடுத்து 6-ஆம் எண் லைனை இதே கம்பில் மாட்டிப் பார்க்க வேண்டும். 160 கிரெயின் எடை காற்றை அறுத்துப் போகிறதா, இல்லை விழும் சத்தத்தில் கெண்டையைக் கலைக்கிறதா என்பது ஆவணிக்குள் தெரியும்.