ஒன்றிலிருந்து பத்து வரை

பணம் எண்ணுவது என் தொழில். நூறு தாள் கொண்ட கட்டை இயந்திரம் எண்ணிக் கொடுத்தாலும், கட்டைவிரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். அப்படிப்பட்ட காசாளனுக்குப் பத்து மூச்சை எண்ண வரவில்லை.

ஒரு நவம்பர் மாதம். ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்றிதழ் தர வரும் மாதம் என்பதால், எங்கள் வங்கிக் கிளையில் காலடி வைக்க இடமிருக்காது. கேட்டதையே மூன்றாம் முறை கேட்ட பெரியவர் ஒருவரிடம் நான் கத்திவிட்டேன். அவர் பதில் பேசாமல் பாஸ்புக்கை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் தலைமைக் காசாளர் புத்திமதி சொல்கிறவர் அல்லர். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பழைய பேரேடுகள் அடுக்கிய அறைக்கு அழைத்துப் போய், நாற்காலியைக் காட்டினார். முதுகைச் சாய்க்காமல், பாதம் இரண்டும் தரையில் படிய உட்கார வேண்டும். வெளியே போகும் மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணிவிட்டு, மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். இடையில் தவறினாலும் ஒன்றுதான். "இவ்வளவுதானா சார்?" என்றேன். "முதலில் பத்துக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்.

நான்கைத் தாண்டவில்லை. சில நாள் வேறு கூத்து: பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டே இருப்பேன். நோட்டு எண்ணிய பழக்கம்! எண்ணிக்கை பிசகவில்லை, எண்ணுகிறவனைத்தான் காணோம். எரிச்சலோடு ஒன்றுக்குத் திரும்புவேன். அந்த எரிச்சல் கழியவே ஐந்தாறு மாதம் பிடித்தது.

5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலிலேயே இந்த முறை இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேல் போகாமலும் எண்ணு, தானியம் அளப்பவனைப் போல நிதானமாக எண்ணு என்கிறது அது. அவன் "ஒன்று, ஒன்று" என்று சொல்லிக்கொண்டே குப்பையைப் பொறுக்கி எறிவானாம். எனக்கு எங்கள் ஊர்க் களம் நினைவுக்கு வந்தது. அங்கே முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அதிலிருந்து, தவறி ஒன்றுக்குத் திரும்பும்போதெல்லாம் நானும் லாபம் என்றே தொடங்கினேன். தலைமைக் காசாளரிடம் மட்டும் சொல்லவில்லை.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. கிளம்பும்போதே தெரிகிறது, அவ்வளவுதான்.

சென்ற நவம்பரில் பீடி சுற்றி ஓய்வுபெற்ற ஆச்சி ஒருவர் வந்தார். அவர்களுடைய ஓய்வூதியத்துக்கு எந்த மாதத்திலும் சான்று தரலாம் என்று விதி மாறிய பிறகும், பழக்கம் விடாமல் நவம்பரிலேயே வருகிறவர். கைரேகைக் கருவி பத்து விரலையும் மறுத்தது.

"இலை தேய்த்த விரல் ஐயா, அதில் ரேகை எங்கே இருக்கும்?" என்றார்.

முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2021 முதல் இருக்கிறது. கைப்பேசியை நீட்டினேன். கண்ணை இமைக்கச் சொன்னது. ஆச்சியோ, புகைப்படம் என்று நினைத்து விறைப்பாக விழித்துக்கொண்டு நின்றார்.

"ஆச்சி, கண்ணை ஒருமுறை மூடித் திறங்கள்."

மூடினார். திறக்கவில்லை. வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். என் காது சூடேறுவது தெரிந்தது. லாபம். மறுபடி நீட்டினேன். ஐந்தாம் முறை இமைத்தார்.

"நான் இருக்கிறேன் என்று எழுதிக்கொண்டதா ஐயா?"

"எழுதிக்கொண்டது ஆச்சி."

"அதை ஒரு தாளில் அடித்துக் கொடுங்கள்" என்று அங்கேயே நின்றார்.