சௌவினுக்கு ஒரு விக்கா பீடம்: அக்டோபர் 2024 குறிப்புகள்

அக்டோபர் 2, புதன். அமாவாசை

விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான மந்திரச் சடங்குச் சமயம்; சௌவின், அதில் அக்டோபர் 31இல் இறந்தவரை நினைக்கும் விழா. அதற்குப் பீடம் அமைக்க, கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் சடங்கின் வரிசையை எழுதிவிட வேண்டும். கூட்டுதல், விளக்கேற்றல், நீரும் உப்பும் கலத்தல், தூபம், வட்டம் வரைதல், நாலு திசைக் காவலரை அழைத்தல், தேவியையும் தேவனையும் அழைத்தல், அப்பமும் மதுவும், திசைகளுக்கு விடை, வட்டம் கலைத்தல். எந்த நேரத்தில் கை எதைத் தேடும் என்பதை இந்த வரிசைதான் சொல்லும். படத்தில் பார்த்த பீடத்தை அப்படியே அடுக்கிவிட்டுச் சடங்குக்கு நின்றால், தூபக்காலை எடுக்கும் கை மெழுகுவர்த்திக்கு மேலாகப் போகும். அங்கிக் கை தீப்பற்றுவது பெரும்பாலும் அப்படித்தான்.

இன்று இடம் மட்டும். லண்டன் வாடகை அறை, மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், அதில் கட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பீடம் வடக்கு நோக்கி. பிரிட்டனில் விக்காக்காரர்கள் பலரும் வடக்கையே வைக்கிறார்கள்; சடங்கு மந்திர மரபில் ஊறியவர்கள் கிழக்கு என்பார்கள். கைபேசித் திசைகாட்டியை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரும்பு அதை இழுக்கும். அறை நடுவில் நின்று, இரண்டு இடத்தில் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம். இங்கே காந்த வடக்கும் மெய் வடக்கும் இப்போது ஒன்றிரண்டு பாகைக்குள் அடங்குவதால் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டியதில்லை.

வட்டத்துக்கு, விக்காவைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னரின் வழியினர் சொல்லும் விட்டம் 9 அடி. அது குழுவுக்கான அளவு. தனியாகச் செய்பவருக்கு 5 அல்லது 6 அடி போதும். நின்று, திரும்பி, மண்டியிட இடம் இருந்தால் சரி. பீடத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவது வழக்கமான பிசகு. வட்டம் பீடத்துக்கும் பின்னால் போக வேண்டும். பின்னால் நடக்க முடியாவிட்டால் சுடருக்கு மேல் கையை நீட்டித்தான் வரைய வேண்டிவரும். 45 செ.மீ. இடைவெளி விட முடியுமானால் வடக்கு விளிம்பில், முடியாவிட்டால் வட்டத்தின் நடுவில்.

அக்டோபர் 5, சனி

மேசை. 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். நின்று செய்பவருக்கு 85 முதல் 90 செ.மீ. உயரம், தரையில் உட்கார்ந்து செய்பவருக்கு 35 முதல் 40. இழுப்பறை உள்ள பழைய மர அலமாரி எல்லாவற்றையும்விட நல்லது, சாமான்கள் உள்ளேயே போய்விடும். மேலே புத்தகத் தட்டு, பக்கத்தில் திரைச்சீலை எதுவும் கூடாது. சுடருக்கு மேல் ஒரு மீட்டராவது வெறும் காற்றாக இருக்க வேண்டும்.

விரிப்பு பருத்தி அல்லது லினன். பாலியெஸ்டர் தீப்பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். தொங்கல் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம், முழங்கால் பட்டு முழுப் பீடமும் சரியும். விரிப்பின் மேல் ஒரு பீங்கான் தரை ஓடு: தூபக்காலும் நெருப்பு மெழுகுவர்த்தியும் அதன் மேல்தான். மெழுகு சிந்தினால் ஆறவிட்டுச் சுரண்டி, பழுப்புத் தாளை மேலும் கீழும் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பு, கறுப்பு மெழுகின் சாயம் மட்டும் போகாது.

அக்டோபர் 6, ஞாயிறு

பென்டகிள். வட்டத்துக்குள் ஐங்கோண நட்சத்திரம், ஒரு முனை மேல்நோக்கி. பீடத்தின் நடுவில் இருப்பது, நிலத்துக்கு உரியது, புனிதப்படுத்தும் பொருளை அதன் மேல்தான் வைப்பார்கள். 15 செ.மீ. விட்டமுள்ள மரத்தட்டு வாங்கி நாமே வரையலாம். கவராயத்தை 7.5 செ.மீ. விரித்து வட்டம். பிறகு 8.8 செ.மீ.க்கு மாற்றி, உச்சிப் புள்ளியிலிருந்து வட்டத்தின் மேல் ஐந்து முறை அடியெடுத்து வைத்தால் ஐந்தாவது அடி தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். சரியான அளவு 8.82, அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கடைசி அடியில் தள்ளாமல் ஐந்துக்கும் பிரித்துவிட வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக இணைத்தால் நட்சத்திரம், ஒவ்வொரு கோடும் சுமார் 14.3 செ.மீ. சூட்டுக்கோலால் எரித்து வரைபவர்கள் மென்மரத்தில் ரேகையின் குறுக்கே கையை மெதுவாக ஓட்ட வேண்டும். கடின ரேகையில் தயங்கி, மென்ரேகையில் ஆழமாக இறங்கி, கோடு புள்ளி புள்ளியாகிவிடும்.

செம்புத் தகடு அழகுதான். ஆனால் உப்பு பட்டால் பச்சை பூக்கும். உப்புக்குத் தனியாக ஒரு பீங்கான் தட்டு வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன். வளர்பிறை, அரை நிலா

கத்தி. அதமே என்பது கறுப்புக் கைப்பிடி, இருபுறக் கூர் வடிவம், முனை உண்டு. தீட்ட வேண்டியதில்லை, அது பொருளை வெட்டுவதற்கானதே அல்ல. வட்டம் வரையவும் சக்தியைச் செலுத்தவும் மட்டும். மூலிகை அறுக்க, மெழுகில் குறி கீற வெள்ளைக் கைப்பிடிக் கத்தி தனி. இந்தக் கறுப்பு வெள்ளைச் சோடி சாலமோன் பெயரில் வழங்கும் பழைய மந்திரச் சுவடிகளிலேயே இருக்கிறது. அங்கிருந்து விக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884–1964). கத்தி மேல் அவருக்குத் தனி மோகம். 1900இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர், பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், சுங்கத்துறை என்று இருந்து, மலாய்க் கெரிஸ் குத்துவாள்களைப் பற்றி 1936இல் ஒரு நூலே எழுதினார். சூனியச் சட்டம் (1735) 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் இங்கிலாந்தில் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசவே முடிந்தது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில், 1953இல் கார்ட்னரின் குழுவில் சேர்ந்த டோரீன் வேலியன்டியின் கைபட்டு, சடங்கு வாசகங்கள் இன்றைய வடிவத்தை நெருங்கின.

அதமே நெருப்பா, காற்றா? கோல்டன் டான் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மந்திரச் சங்கத்தின் முறையில் குத்துவாள் காற்று, கோல் நெருப்பு. மாற்றி வைக்கும் வழிகளும் உண்டு. எதை எடுத்தாலும் சரி, புத்தகத்தில் எழுதி அதோடு நிற்க வேண்டும். மாதத்துக்கொரு முறை மாற்றினால் பீடத்தில் எதுவும் ஓரிடத்தில் நிலைக்காது.

கார்பன் எஃகு அலகானால் உப்புநீர் ஒரே இரவில் துரு ஏற்றும். முனையை நீரில் தொட்ட கையோடு துடைத்து, வேலை முடிந்ததும் ஒரு சொட்டு மினரல் எண்ணெய் தடவ வேண்டும். உறைக்குள்ளேயே வைத்திருந்தால் தோலின் ஈரமும் அரிக்கும். இன்னொன்று சட்டம். இங்கிலாந்திலும் வேல்சிலும் பொது இடத்தில் நிலையான அலகுள்ள கத்தியைக் காரணமின்றி வைத்திருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சமயக் காரணம் ஏற்கத்தக்க வாதம்தான், ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. காட்டுச் சடங்குக்கு எடுத்துப் போவதானால் பூட்டிய பெட்டிக்குள், நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாதவருக்குக் கோல் போதும், விரல்கூடப் போதும்.

கோல்: முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம். ஹேசல், வில்லோ, ஆஷ், ரோவன், எது கிடைத்தாலும். இப்போது ஒடித்த பச்சைக் கிளை சௌவினுக்குள் காயாது. வெட்டுமுனை இரண்டிலும் மெழுகு பூசி நிழலில் சில மாதம் போட வேண்டும். பூசாவிட்டால் முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறி நீளவாக்கில் வெடிக்கும். அவசரத்துக்குக் காட்டில் விழுந்து, உலர்ந்து, உளுக்காமல் கிடக்கும் கிளையே சரி.

அக்டோபர் 12, சனி

கிண்ணம். பழைய பியூட்டரில் (வெள்ளீயக் கலப்பு உலோகம்) ஈயம் இருக்கலாம், பித்தளையிலும் செம்பிலும் ஒயின் பட்டால் உலோகம் கரையும். ஆப்பிள் சாறும் புளிப்புதான், அதுவும் கரைக்கும். கண்ணாடி, எவர்சில்வர், உள்ளே முழுக்க மெருகேற்றிய மண்கிண்ணம் ஆகியவை ஆபத்தில்லாதவை. அடி அகலமாக இருக்கட்டும். நெட்டைக் காம்புக் கிண்ணம்தான் முதலில் கவிழும்.

அக்டோபர் 17, வியாழன். பௌர்ணமி

தூபம். பீடத்தில் அதிகம் சொதப்புவது இதுதான், அதனால் நெடுக எழுத வேண்டியிருக்கிறது.

தேங்காய்ச் சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்ட வீட்டுக்காரருக்கு அடிப்படை புதிதல்ல. இங்கே தணலுக்குப் பதில் 33 மி.மீ. கரி வில்லை. எளிதில் பற்ற அதில் வெடியுப்பு கலந்திருப்பதால் பற்றவைத்ததும் பொறி தெறிக்கும். இடுக்கியால் பிடித்து, விளிம்பில் நெருப்புக் காட்டி, பொறி வில்லை முழுக்க ஓடி முடிந்த பிறகு மணலில் வைக்க வேண்டும். மணல் 3 செ.மீ. ஆழம், நன்றாக உலர்ந்தது. ஈர மணல் வில்லையை அணைக்கும், கிண்ணத்தையும் கீறவைக்கும். மணலில்லாத பீங்கான் கிண்ணம் சூட்டில் வெடித்ததுண்டு, கண்ணாடியைக் கேட்கவே வேண்டாம்.

வில்லை மேல் சாம்பல் பூக்க ஐந்திலிருந்து எட்டு நிமிடம் ஆகும். அதற்கு முன் பிசினைப் போட்டால் வெடியுப்பு நாற்றமும் சேர்ந்து வரும். குந்திரிக்கம் ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். குவித்தால் பிசின் கொதித்துக் கரியை மூடும், கரும்புகை வரும், வாசனை போய்க் கருகல் மிஞ்சும். சௌவினுக்கு வெள்ளைப்போளமும் உலர்ந்த ரோஸ்மேரியும் பொருந்தும். இலை வகைகள் பிசினுக்குப் பிறகு, சிட்டிகை சிட்டிகையாக. மெல்லிய வாசனை வேண்டுமானால் வில்லைக்கும் பிசினுக்கும் இடையே சின்ன மைக்காத் தகடு.

வில்லை பற்றவே மறுத்தால் பெரும்பாலும் ஈரம் ஏறியிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், ஆகையால் சன்னல் ஒரு கை அகலம் திறந்திருக்கட்டும். புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றச் சொல்லும் அறிவுரை முட்டாள்தனம். அலாரம் கத்துகிறதென்றால் அந்த அறைக்குக் கரி ஒத்துவராது, ஊதுவத்தி போதும்.

அக்டோபர் 20, ஞாயிறு

அடுக்குதல். வடக்கு நோக்கி நின்றால் இடது மேற்கு, வலது கிழக்கு, நமக்கு அருகில் இருக்கும் விளிம்பு தெற்கு.

பின் விளிம்பில் இடப்பக்கம் தேவிக்கு வெள்ளை அல்லது வெள்ளி மெழுகுவர்த்தி, வலப்பக்கம் தேவனுக்குச் சிவப்பு அல்லது பொன்னிறம். இரண்டுக்கும் நடுவே உருவமோ, அதற்குப் பதிலாக ஒரு சிப்பியும் ஒரு கொம்புத் துண்டுமோ. அதற்கு முன்னால் உப்பு, வடக்கு நிலத்துக்கு உரியதால். இடது கையருகே நீர்க் கிண்ணம், ஒயின் கிண்ணம், மணி. வலது கையருகே தூபக்கால், கோல். நடுவில் பென்டகிள்.

சிக்கல் தெற்கில். நெருப்பின் திசை அது, ஏட்டுக் கணக்குப்படி சுடர் நம் வயிற்றுக்கு நேரே வந்துவிடும். அங்கே நெட்டை மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது. ஆழமான கண்ணாடிக்குள் சின்ன மெழுகு விளக்கு, அதுவும் விளிம்பிலிருந்து 12 செ.மீ. உள்ளே தள்ளி, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாக. அதன் வலப்பக்கம் அதமே, பிடி நம்மைப் பார்த்து. இடக்கைக்காரர் திசைகளைத் தொட வேண்டாம், விளக்கும் அதமேயும் இடம் மாறினால் போதும்.

எல்லாரும் மறப்பது புத்தகத்தை. நிழல்களின் புத்தகம், அதாவது சடங்குகளை எழுதி வைக்கும் ஏடு, விரித்தால் பீடத்தில் பாதியை அடைக்கும். தனித் தாங்கியில், கீழே அல்லது பக்கத்தில். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்க 16 புள்ளி எழுத்தாவது வேண்டும். தீப்பெட்டி, இடுக்கி, சுடரணைக்கும் குமிழ், துடைக்கத் துணி, ஒரு குவளை தண்ணீர் எல்லாம் கீழ்த்தட்டில். படத்துக்கு அழகில்லாத இவைதான் வட்டம் வரைந்த பிறகு இல்லாமல் தவிக்க வைப்பவை.

கடைசியில் ஓர் ஒத்திகை: எதையும் ஏற்றாமல், அங்கி போட்டு, வரிசை முழுவதையும் செய்து பார்ப்பது. கை குறுக்கே போகும் இடத்திலெல்லாம் பொருளை நகர்த்த வேண்டும்.

அக்டோபர் 24, வியாழன். தேய்பிறை

மெழுகுவர்த்தி. தடித்த வகைக்கு முதல் எரிப்பில் ஓர் அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம். உருகிய மெழுகு விளிம்பைத் தொடாமல் அணைத்தால் அடுத்த முறையிலிருந்து நடுவில் குழிதான் விழும். திரி 5 மி.மீ. நீளம். எண்ணெய் தடவுவது விரல்நுனி ஈரம் அளவுக்கு மட்டும். எண்ணெயில் புரட்டி உலர்ந்த மூலிகை ஒட்டவைத்த மெழுகுவர்த்தியில் இலையே இன்னொரு திரியாகி, பக்கவாட்டில் தீ ஏறும். மூலிகையை அடியைச் சுற்றித் தட்டில் தூவினால் போதும், அதுவும் ஒரு சாண் தள்ளி.

அக்டோபர் 27, ஞாயிறு

பருவத்துக்கான பொருள்கள். ஆப்பிள், கொட்டைகள், உதிர்ந்த இலை, இறந்தவர் படங்கள். ஆப்பிளைக் குறுக்காக வெட்டினால் விதையறைகள் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும். யூ மரக் கிளையை மரணத்தின் மரமென்று கொண்டுவந்து வைப்பார்கள். சிவப்புச் சதை தவிர இலை, விதை எல்லாமே கடும் விஷம். பூனையோ குழந்தையோ உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். செலனைட் கல்லை நீர்க்கிண்ணத்தில் போட்டால் கரையும், அமெதிஸ்டு வெயிலில் வெளிறும்.

அக்டோபர் 31, வியாழன். சௌவின்

வானில் சூரியன் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடுபவர்கள் நவம்பர் 7ஐ ஒட்டிச் செய்வார்கள். தென்னரைக்கோளத்தார் பலர் மே தொடக்கத்தில், வட்டத்தையும் இடமாகச் சுற்றி. இங்கே இன்று, நாலரை மணியை ஒட்டிச் சூரியன் மறைந்து இருட்டியதும்.

அதமே முனையை நீரில் தொட்டுத் தூய்மை கூறி, உப்பிலும் அப்படியே. மூன்று சிட்டிகை உப்பு நீரில். வலமாகச் சுற்றித் தெளித்து, தூபத்தையும் விளக்கையும் அதே வழியில் கொண்டு வந்து, பிறகு அதமேயால் வட்டம். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று அழைப்பு. புதிய பொருள்களை ஒவ்வொன்றாகப் பென்டகிளில் வைத்து, புகையில் காட்டி, சுடருக்கு மேல் விரைவாகக் கடத்தி, உப்புநீர் ஒரு துளி. எஃகை உடனே துடைக்க வேண்டும். படத்துக்கும் செலனைட்டுக்கும் துளி வேண்டாம், விரலை அருகில் கொண்டுபோனால் போதும்.

நவம்பர் 1, வெள்ளி

படைத்த அப்பமும் ஒயினும் மண்ணுக்கு. உப்புநீர் செடிக்கு ஆகாது, கழுவு தொட்டியில். மணலுக்குள் வில்லையின் நெஞ்சில் மணிக்கணக்கில் கனல் இருக்கும். சாம்பலை இன்று பிற்பகலுக்கு முன் குப்பைப் பையில் கொட்ட வேண்டாம், கொட்டும்போதும் நீர் தெளித்து, உலோகத் தொட்டியில்.